நள்ளிரவு அரை மணி நேரத்தை விற்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்களை நடத்துகிற முதலாளிகளுக்கும், அங்கே விளம்பரப் பிரிவில் உட்கார்ந்து நேரத்தை விற்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

தென்மாவட்டம் ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. ராத்திரி பத்தரைக்குத்தான் ஷட்டரை இறக்குவேன். கடைசி அரை மணி நேரத்தில் வருகிற ஒரு வகை ஆளை எந்த மருந்துக்கடைக்காரரும் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவார். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று கடையையே பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டம் ஒழிந்ததும் வருவார். முதலில் ஒரு விக்ஸ் டப்பா கேட்பார், இல்லையென்றால் ரெண்டு க்ரோசின். காசைக் கொடுத்த பிறகும் போகமாட்டார். அப்புறம் குரலை இறக்கி, "அண்ணே, நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது இருக்கா?"

போன மாதம் அப்படி வந்த தம்பிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கைபேசியை நீட்டினான். தொலைக்காட்சித் திரையையே வீடியோ எடுத்து வைத்திருந்தான். நெற்றி நிறைய விபூதியோடு பரம்பரை வைத்தியர், பின்னால் அகத்தியர் படம், கீழே ஓடுகிற தொலைபேசி எண். வைத்தியர் விரல்விட்டு எண்ணுகிறார்: காலையில் எழுந்தால் சோர்வு, முதுகுவலி, ஞாபக மறதி, கன்னம் ஒட்டிப்போவது, கண்ணைச் சுற்றிக் கருவளையம். "எல்லாமே எனக்கு இருக்குண்ணே" என்றான்.

எனக்கும்தான் இருக்கிறது. அந்தத் தம்பி ஒரு ஜவுளிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நின்றபடி வேலை பார்க்கிறவன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அவன் கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அப்படி நின்றால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரத்தில், பதினொன்றே முக்காலுக்கு, உங்கள் திரையில் ஒருவர் வந்து அந்த முதுகுவலிக்கு வேறு காரணம் சொல்கிறார். "சிறுவயதில் அறியாமல் செய்த தவறு" என்கிறார். தவறு என்ற சொல்லைக் கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிடுகிறது. பதினைந்து வயதிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இந்த மனிதர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறான்.

இந்த மடலை அந்த வைத்தியருக்கு எழுதியிருக்கலாம். எழுதிப் பிரயோஜனமில்லை, அவர் வியாபாரமே அதுதான். உங்களுக்குச் செய்திப் பிரிவு இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், காலையில் நல்வாழ்வு நிகழ்ச்சியும் இருக்கிறது. அதே ஸ்டூடியோ வாசலில் ராத்திரியானால் இந்தக் கடையை வாடகைக்கு விடுகிறீர்களே, அதனால் உங்களுக்குத்தான் எழுதவேண்டும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் சொந்தக் கதையும் இருக்கிறது. 1996இல் எனக்குப் பத்தொன்பது வயது. டி.ஃபார்ம் முதல் வருடம், விடுதி வாசம். மருந்து படிக்கிறவனே ஏமாந்த கதை இது, சிரித்துக்கொள்ளுங்கள். அப்போது நள்ளிரவு நிகழ்ச்சி கிடையாது, மூத்திரச் சந்துச் சுவரொட்டியும் பத்திரிகையின் பொடி எழுத்து விளம்பரமும்தான். வைத்தியர் மாதாமாதம் ஊர் ஊராக வருவார். இந்தத் தேதி இந்த ஊர், இந்த லாட்ஜ், அறை எண் இத்தனை என்று ரயில்வே கால அட்டவணை மாதிரி போட்டிருக்கும்.

மாடிப்படியில் என்னைப்போல ஏழெட்டுப் பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். அறைக்குள் இரும்புக் கட்டில், மேசைமேல் வரிசையாக டப்பாக்கள். ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். அதை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியா, கலங்கலா இருக்கு. எல்லாம் இறங்கிட்டிருக்கு" என்றார். நிஜமாகவே கலங்கலாகத்தான் இருந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கல்யாணம் பண்ணினால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் போகும் என்று அடுத்த வரியைச் சொன்னார். மூன்று மாத லேகியம் 2,400 ரூபாய். அம்மா போட்ட மோதிரம் அடகுக்கடைக்குப் போனது. அப்பாவிடம் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அதை மீட்கவே இல்லை. அம்மா இறக்கும்வரை அந்தப் பொய் அப்படியே இருந்தது.

சிறுநீர் ஏன் கலங்கியது என்பது அடுத்த வருடம் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. பாஸ்பேட் உப்பு. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ரெண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டதும் பளிங்காகத் தெளிந்தது. அந்தச் சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை இன்றைக்கும் மறக்கவில்லை. மலச்சிக்கலில் முக்கும்போது வழவழப்பாக ஏதோ சொட்டுகிறது என்று பயந்து வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அது புரோஸ்டேட் சுரப்பியின் நீர். உயிர் ஒன்றும் ஒழுகவில்லை.

உங்கள் நிகழ்ச்சிகளில் அடிக்கடி வருகிற கணக்கு ஒன்று: ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம். இன்னொரு சேனலில் அது எண்பதாகிறது. நாற்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு மூன்று மில்லி என்றால் 120 மில்லி ரத்தம். மூன்று தடவைக்கு 360. ரத்ததான முகாமில் ஒரே மூச்சில் 350 மில்லி எடுத்துவிட்டு, கையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள், அந்த ஆள் பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அந்தக் கணக்கை உண்மை என்று வைத்துக்கொண்டால்கூடப் பயப்பட அதில் ஒன்றும் இல்லை. உண்மையோ வேறு. அந்தத் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையும் புரோஸ்டேட்டும் சுரப்பது. விந்தணு அதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. அதுவும் பருவம் வந்த நாளிலிருந்து ராப்பகலாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது, ஒரு அணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம். சேர்த்து வைக்க அது உண்டியல் காசு இல்லை. தூக்கத்தில் தானாக வெளியேறுவதும் இதனால்தான். அதற்குச் சொப்பன ஸ்கலிதம் என்று ஒரு பெயர் வைத்ததும் அது வியாதியாகிவிட்டது.

நம் மருத்துவ மரபைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கொடி பிடிக்கவேண்டாம். சாப்பாடு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று படிப்படியாக மாறி ஏழாவதாகச் சுக்கிலமாகிறது, அதாவது விந்தாகிறது என்பது சித்த மருத்துவத்தின் உடற்கட்டுக் கணக்கு. மைக்ராஸ்கோப் இல்லாத காலத்தில் உடம்பைப் புரிந்துகொள்ள முயன்றவர்கள் போட்ட கணக்கு அது, அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. பாளையங்கோட்டையில் ஐந்தரை வருடம் படித்துவிட்டு வருகிற சித்த மருத்துவர் எவரும் லாட்ஜில் உட்கார்ந்து டம்ளரைத் தூக்கிப் பார்ப்பதில்லை. "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்பது யோகிகளுக்கான பேச்சு. ஜவுளிக்கடைப் பையன் என்றைக்கு யோகியானான்?

வெள்ளைக்காரனும் இதில் நமக்கு இளைத்தவன் இல்லை. 1710களில் லண்டனில் கைப்பழக்கத்தின், அதாவது சுயஇன்பத்தின் கேடுகள் பற்றி ஒரு துண்டுநூல் வந்தது. படித்துப் பயந்தவன் வாங்குவதற்காக அதிலேயே ஒரு டானிக்குக்கும் ஒரு பொடிக்கும் விளம்பரம் போட்டிருந்தார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய உங்கள் ஸ்லாட். 1760இல் டிசோ என்ற சுவிஸ் மருத்துவர் அதே பயத்துக்கு மருத்துவப் புத்தகம் என்ற மரியாதையைச் சேர்த்தார், ஐரோப்பா முழுக்க நூறு வருடத்துக்கும் மேல் நடுங்கியது. அப்புறம் அவர்கள் மருத்துவம் அந்தக் கதையைத் தூக்கிப்போட்டுவிட்டது. நம் ஊரில் அது இன்னும் ஒளிபரப்பாகிறது.

இந்தப் பயத்துக்கே மருத்துவத்தில் பெயர் உண்டு, தெரியுமா? 1960இல் என்.என்.விக் என்ற இந்திய மனநல மருத்துவர் இதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். தாது என்ற சொல்லிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில்கூட அந்தப் பெயர் ஏறியது. சோர்வு, பசியின்மை, படபடப்பு, தூக்கமின்மை, குற்ற உணர்ச்சி. இதற்கெல்லாம் காரணம் விந்து போனதுதான் என்ற உறுதியான நம்பிக்கை. சிகிச்சை என்னவென்றால் உட்காரவைத்துப் பேசச் சொல்வது, உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவது, மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து. ஆக, அந்தப் பையனுக்கு நோய் இல்லாமல் இல்லை. விந்து போய் அவன் நோயாளியாகவில்லை, விந்து போனால் நோய் வரும் என்று கேட்டுக் கேட்டு நோயாளியானான். அதை ராத்திரிதோறும் சொல்லிக் கொடுத்தது எந்த டிவி என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பிறகு கல்யாண ராத்திரி வருகிறது. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும், ரத்தக் குழாய் சுருங்கும். நாய் துரத்தும்போது ஓடுவதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. அந்த நிலையில் எந்த ஆணுக்கும் அங்கே ரத்தம் போகாது. பையன் என்ன நினைப்பான்? வைத்தியர் சொன்னது பலித்துவிட்டது என்று. மறுநாள் அந்த எண்ணுக்குப் போன் போடுவான். உங்கள் அடுத்த மாத வாடகை அங்கிருந்து வருகிறது.

பக்கத்தில் படுத்திருந்த பெண்ணைப் பற்றி உங்கள் நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை வராது. வந்தாலும் 'திருப்திப்படுத்த' வேண்டிய ஒரு பரீட்சைத் தாளாகத்தான் வருவாள். என் கடைக்கு வருகிற பெண்கள் சொல்கிற கதை வேறு. கல்யாணமாகி எட்டு மாதம், புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், ஏனென்று கேட்டால் எரிந்து விழுகிறார், மாமியார் "விசேஷம் ஏதும் இல்லையா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். தன்னிடம்தான் குறை என்று அந்தப் பெண் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்க வருகிறாள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் உண்டு. விந்துப் பரிசோதனை ஊசிகூடக் குத்தாத பரிசோதனை. ஆனால் ஆண் அதற்குப் போகமாட்டான். "ஆம்பளைதானா" என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். அதற்குள் அவளுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோவில், மருந்து எல்லாம் இரண்டு சுற்று முடிந்திருக்கும்.

ஆண்மை என்ற சொல்லையே நீங்கள் சுருக்கிவிட்டீர்கள். வள்ளுவர் பேராண்மை என்று சொன்னது பிறன் மனைவியை நோக்காததை. வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை என்று எதையாவது பொறுப்போடு நடத்துவதற்கெல்லாம் தமிழில் அந்தச் சொல்தான். அதைக் கொண்டுவந்து ஒரு லேகிய டப்பாமேல் ஒட்டிவிட்டீர்கள்.

இன்னொரு ரகமும் உண்டு, அவர்களைப் பற்றி நான் நீட்டமாட்டேன். ஒரு அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. "பொண்ணுங்க மேலயே ஆசை வரலையாம், அந்த டிவி வைத்தியர் ஆறு மாசத்துல மாத்திடலாம்னு சொல்றார், அந்த மருந்து இங்க கிடைக்குமா?" பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருபாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுக்க முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடுத்தது. அது தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. மாற்ற அங்கே நோய் எதுவும் இல்லை. அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. முழுசாக ஏற்றுக்கொண்டாரா என்றால், இல்லை. டப்பா வாங்காமல் போனார், அதுவரைக்கும் சரி.

உண்மையாகவே எழுச்சிக் குறைபாடு உள்ளவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், நிறையவே. அவர்களுக்குத்தான் நீங்கள் செய்வது அதிகக் கெடுதல். நாற்பத்தைந்து வயதில் புதிதாக அந்தப் பிரச்சினை வந்தால் முதலில் பார்க்கவேண்டியது சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அங்கே போகிற ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சின்னவை, அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே வருகிற எச்சரிக்கையாகக்கூட அது இருக்கலாம். இந்தியாவில் சுமார் 10 கோடி சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் கணக்கு வந்தது. அவர்களில் எத்தனை ஆண்கள் குளுக்கோமீட்டருக்குப் பதில் குங்குமப்பூ லேகியத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ!

லேகியம் 'வேலை செய்கிறது' என்று சிலர் சத்தியம் செய்வார்கள். செய்யும். மூலிகை என்று விற்ற மாத்திரைகளுக்குள், வயாகராவில் இருக்கிற சில்டெனாபில் கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. அது மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் விற்கக்கூடாத மருந்து. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். நான் விற்றால் என் உரிமம் போகும். உங்களுக்கு என்ன போகும்?

சட்டப்படி பார்த்தால் உங்களுக்கும் போகவேண்டும். 1954ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டத்தை உங்கள் வழக்கறிஞரைப் புரட்டச் சொல்லுங்கள். பாலின்பத் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்யக்கூடாது. எந்தெந்த நோய்க்கு விளம்பரம் கூடாது என்கிற அட்டவணையில் ஆண்மைக்குறைவும் இருக்கிறது, நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, மறுபடி செய்தால் ஒரு வருடம். விளம்பரம் கொடுத்தவரோடு அது நிற்கவில்லை, அதை வெளியிடுவதில் எந்தப் பங்கும் யாரும் எடுக்கக்கூடாது என்கிறது. விளம்பரம் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் சொல்கிற விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வாயால் சொல்வது, ஒளி, ஒலி, புகை மூலமாகப் பரப்புவது எல்லாம் சேர்த்தி. இந்தியாவில் தொலைக்காட்சி வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, புகையைக்கூட விடாமல் யோசித்து எழுதியிருக்கிறார்கள்! அதைத் தாண்டுவதற்கு நீங்கள் கண்டுபிடித்தது ஒரே ஒரு வரி. "இது விளம்பரதாரர் நிகழ்ச்சி, கருத்துகளுக்கு நிலையம் பொறுப்பல்ல." மூன்று விநாடி. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் பாதிகூடப் படித்து முடிக்கமாட்டான்.

தொலைக்காட்சியில் இதைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2000களின் தொடக்கத்தில் விஜய் டிவியில் மனநல மருத்துவர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் நடத்திய 'புதிரா புனிதமா' நினைவிருக்கும். ஒரு பெரியவர், சிரித்த முகத்தோடு, கேட்கிறவர் கூச்சப்படாதபடி பதில் சொல்வார். பயம் காட்டமாட்டார், டப்பா விற்கமாட்டார். அந்த நிகழ்ச்சியைக் கிண்டல் செய்தவர்கள்தான் அதிகம். ஆனால் எங்கள் விடுதியில் இருந்தவர்களில் ரெண்டு பேராவது பிற்பாடு அதைப் பார்த்துத்தான் மருத்துவரிடம் போனார்கள். அப்படிப் பேச இன்றைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அழைக்கத்தான் ஆளில்லை.

நான் என்னால் ஆனதைச் செய்கிறேன். அந்த ஜவுளிக்கடைத் தம்பியை ஸ்டூலில் உட்காரவைத்து, பாஸ்பேட் கதையையும் மோதிரக் கதையையும் சொன்னேன். மாத்திரைக் கவரின் பின்பக்கம் 14416 என்று எழுதிக் கொடுத்தேன். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசில்லை, ராத்திரி எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்றும் சொன்னேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறீர்களா என்று கேட்டான். முதுகுவலிக்கு எலும்பு டாக்டர் மாதிரி பயத்துக்கு ஒரு டாக்டர், அவ்வளவுதான் என்றேன். யோசித்துக்கொண்டே போனான். விக்ஸ் டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்களில் ஒரு நிலையத்தின் விளம்பரப் பிரிவுக்குப் போன் போட்டேன். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. பதினொன்றே முக்கால் அரை மணி நேரத்துக்கு என்ன விலை என்று கேட்டேன். எடுத்த பையன் மரியாதையாகப் பேசினான், வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் தொகை சொன்னான். என் கடையின் ஒரு வருட லாபம் இரண்டு வாரத்துக்குக்கூடக் காணாது. அப்புறம் கேட்டான்.

"சார், புராடக்ட் என்ன?"

"புராடக்ட் எதுவும் இல்லப்பா. ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வந்து, பயப்படாதீங்கன்னு சொல்லணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப ஸ்லாட் எதுக்கு சார்?"

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்